ஆசிரியருக்கு லிங்கன் எழுதாத கடிதமும் அவர் எழுதிய கடிதங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஆசிரியர் தினத்தன்று தங்கள் நாளிதழோடு வந்த சிறப்பு இணைப்பில், ஆபிரகாம் லிங்கன் தம் மகனின் பள்ளி ஆசிரியருக்கு எழுதிய கடிதம் என்ற தலைப்பில் ஒரு முழுப் பக்கம் வெளியாகியிருந்தது. தோல்வியை ஏற்கவும் ஏமாற்றாமல் இருக்கவும் என் மகனுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளும் கடிதம் அது. அந்தக் கடிதத்தை லிங்கன் எழுதவில்லை. சேலம் நீதிமன்றங்களில் முப்பத்தாறு ஆண்டுகள் பத்திரங்களையும் கையொப்பங்களையும் புரட்டிப் பிழைத்தவன் என்ற முறையிலும், ஓய்வுக்குப் பிறகு லிங்கனின் கடிதத் தொகுதிகளைப் பொறுமையாகப் படித்தவன் என்ற முறையிலும் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த விஷயம் என் வீட்டுக்குள் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். சேலத்தில் நடந்த ஒரு பேச்சுப் போட்டிக்காக இதே கடிதத்தை அவள் வரி பிசகாமல் மனப்பாடம் செய்தாள். ஏற்காட்டில் எங்கள் வீட்டில் மழைக்காலத்து மாலை நான்கு மணிக்கே மூடுபனி திண்ணை வரைக்கும் வந்துவிடும். விளக்கைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, கையை வீசி வீசி அவள் ஒப்பித்ததைப் பத்து நாள் கேட்டேன். பதினோராவது நாள், "கண்ணு, இதை அவர் எழுதலைம்மா" என்று சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, "அப்புறம் அவரு நெஜமா என்னதான் எழுதினாரு, தாத்தா?" என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் போலிக் கடிதத்தை ஓர் ஆவணமாகப் பார்ப்போம். அதில் தேதி இல்லை. எந்த ஊரிலிருந்து எழுதப்பட்டது என்ற குறிப்பு இல்லை. அந்த ஆசிரியரின் பெயர் இல்லை, பள்ளியின் பெயர் இல்லை, எந்த மகனைப் பற்றிய கடிதம் என்பதும் இல்லை. லிங்கனுக்கு நான்கு மகன்கள். அசல் எந்த நூலகத்திலும் இல்லை, அசலைப் பார்த்துப் படியெடுத்தேன் என்று சொல்பவரும் இல்லை. இப்படி ஒரு தாளைக் கொண்டுபோய் எங்கள் முன்சீப் கோர்ட்டில் நீட்டினால், எதிர்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பதற்கு முன்பே, சான்றாவணமாகக் குறியீடு இட முடியாது என்று நீதிபதி திருப்பிக் கொடுத்துவிடுவார். ராய் பாஸ்லர் தலைமையில் தொகுக்கப்பட்டு 1953 முதல் 1955 வரை வெளியான லிங்கனின் முழுத் தொகுப்பு எட்டுத் தொகுதிகளும் ஒரு பொருளடைவுத் தொகுதியும் கொண்டது. அதில் அவர் கைப்பட எழுதிய துண்டுச் சீட்டுகள்கூட உண்டு, இந்தக் கடிதம் இல்லை. இன்னொரு சிறு அடையாளமும் உண்டு. லிங்கன் தம் கடிதங்களில் 'ஏ. லிங்கன்' என்றுதான் கையொப்பமிடுவார். முழுப் பெயரை எழுதுவது அரசு ஆவணங்களுக்கு மட்டுமே. தாங்கள் வெளியிட்ட கடிதத்தின் அடியில் முழுப் பெயர், அதுவும் கையெழுத்தைப் போன்ற அலங்கார எழுத்தில் இருந்தது.

இவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் அப்படித்தான் பார்க்கிறார்கள். உள்நாட்டுப் போரில் மகன்களை இழந்த பிக்ஸ்பி என்ற தாய்க்கு 1864 நவம்பரில் லிங்கன் பெயரில் ஓர் ஆறுதல் கடிதம் போயிற்று. அது அதே வாரத்தில் பாஸ்டன் பத்திரிகையில் அச்சாகியும் விட்டது. அப்படி இருந்தும், அதை எழுதியவர் லிங்கனா அவருடைய செயலாளர் ஜான் ஹேயா என்று ஆய்வாளர்கள் இன்று வரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அனுப்பியதும் கிடைத்ததும் தெரிந்த ஒரு கடிதத்துக்கே இத்தனை விசாரணை என்றால், அனுப்பியவரும் பெற்றவரும் இல்லாத கடிதத்தை நாம் பள்ளிச் சுவரில் சட்டம் போட்டு மாட்டுவது எந்த வகை நியாயம்?

இனி அவர் உண்மையில் எழுதியவற்றுக்கு வருகிறேன். நம்மில் பலருக்கு லிங்கன் என்றால் ஜனாதிபதி மட்டுமே. ஆனால் ஜனாதிபதியாவதற்கு முன் கால் நூற்றாண்டுக் காலம் அவர் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு நாட்டுப்புற வக்கீல். 1834 முதல் 1842 வரை நான்கு முறை அந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். 1836இல் வக்கீல் தொழிலுக்கு உரிமம் பெற்று, 1837 ஏப்ரலில் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தார். ஆண்டில் இரண்டு பருவம் நீதிபதியோடும் மற்ற வக்கீல்களோடும் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் வழக்காடினார். அந்தக் காலத்துக் கடிதங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை, ஏனென்றால் அவற்றில் எதையும் அவர் வரலாற்றுக்காக எழுதவில்லை. கடன், வாய்தா, ஃபீஸ், உறவுக்காரர் தொல்லை, உடம்பு சரியில்லை, பதில் வரவில்லை என்று ஒரு சின்ன ஊர் மனிதரின் மேசைக்கு வருவதெல்லாம் அவற்றில் வருகின்றன.

அவர் 1833 முதல் 1836 வரை நியூ சேலம் என்ற சிற்றூரின் தபால்காரரும் ஆவார். தபால் நிலையத்தை நடத்தியவர் என்பதே சரி. அந்நாளில் கடிதத்துக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுப்பார். பத்திரிகைக்கான தபால் கட்டணத்தையோ முன்கூட்டியே செலுத்த வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் அந்தக் கட்டணத்தை ஓராண்டு தாமதமாகக் கொடுத்தனுப்பி, கூடவே ரசீதும் கேட்டார். அதற்கு 1834 ஜூலை 1ஆம் தேதி லிங்கன் எழுதிய பதிலில் கோபம் தெரிகிறது. சட்டப்படி முன்பணமாக வாங்கியிருக்க வேண்டியதற்கு ஓர் ஆண்டு பொறுத்திருந்தேன், ரசீது இல்லாவிட்டால் மறுபடியும் வசூலித்துவிடுவேன் என்பது போல் என் மனத்தைப் புண்படுத்துகிறீர்களே என்று கேட்டுவிட்டு, ரசீதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நான் வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட வயதும் அதுதான் என்பதால், அந்த ரோஷம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

சட்டமன்ற உறுப்பினராக வாண்டேலியா நகரிலிருந்து 1836 டிசம்பர் 13ஆம் தேதி மேரி ஓவன்ஸ் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், உடம்பு சரியில்லாததையும், தபால் நிலையத்துக்குப் போய் உங்கள் கடிதம் வரவில்லை என்று தெரிந்து மனம் சோர்ந்ததையும் எழுதுகிறார். அதே கடிதத்தில், புதிய சட்டமன்றக் கட்டடம் இன்னும் முடியவில்லை, அதனால் சட்டமன்றமும் அதிகமாக ஒன்றும் செய்யவில்லை என்று ஊர்ச் செய்தியும் வருகிறது. 1841 ஜனவரியில், வேறொரு பெண்ணோடு மணப்பேச்சு முறிந்திருந்த வேளையில், தம் தொழில் கூட்டாளி ஜான் ஸ்டூவர்ட்டுக்கு எழுதியது வேறு வகை. உயிரோடு இருக்கும் மனிதர்களிலேயே நான்தான் மிகவும் துயரப்படுபவன், என் துயரத்தை மனித குலம் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்தால் பூமியில் ஒரு முகம்கூட மலர்ச்சியாக இருக்காது என்று எழுதினார். முப்பத்தோரு வயதுச் சட்டமன்ற உறுப்பினர் இப்படி எழுதினார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பின்னாளில் ஒரு நாட்டையே தாங்கியவர் இப்படியும் உடைந்திருக்கிறார் என்று தெரிந்தால், இன்று மனம் நொந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அது துணையாக இருக்கும்.

அவருடைய தொப்பிக் கதை பலருக்குத் தெரியும். உயரமான கறுப்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டே நடப்பார், அதுவே அவருடைய நடமாடும் ஆபீஸ். இது யாரோ பிற்காலத்தில் கட்டிய கதை அல்ல, அவரே எழுதி ஒப்புக்கொண்டது. 1850 ஜூன் மாதம் ரிச்சர்ட் தாமஸ் என்ற வக்கீலுக்கு எழுதும்போது, பதில் தாமதமானதற்கு வெட்கப்படுகிறேன் என்று தொடங்கி, இரண்டு காரணங்கள் சொல்கிறார். கூட்டாட்சி நீதிமன்றத்தில் வேலை அதிகம் என்பது ஒன்று. தங்கள் கடிதத்தைப் பழைய தொப்பிக்குள் வைத்தேன், மறுநாள் புதுத் தொப்பி வாங்கினேன், பழையது மூலைக்குப் போயிற்று, கடிதமும் கண்ணில் படாமல் போயிற்று என்பது மற்றொன்று. அதே காலத்தை ஒட்டி, இளம் வக்கீல்களுக்காக எழுதி வைத்த உரைக் குறிப்புகளில், இன்று முடிக்கக்கூடியதை நாளைக்குத் தள்ளாதே, கடிதப் போக்குவரத்தைப் பின்தங்க விடாதே என்று அறிவுரை சொல்கிறார். பட்டுத் தெரிந்துகொண்டவர் சொல்லும் புத்தி அது. எங்கள் சீனியர் ஒருவர் இருந்தார். கட்சிக்காரரிடமிருந்து எந்த ஊர் முத்திரையோடு தபால் வந்தாலும், அன்று மாலை குமாஸ்தா கேஸ் கட்டுகளைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு தபால் கார்டில் பதில் எழுதிவிடுவார். வாய்தா தேதி, கொண்டுவர வேண்டிய தாள், கொடுக்க வேண்டிய தொகை என்று மூன்று வரிதான் இருக்கும். மலைக்கிராமத்துக் கட்சிக்காரர்கள் அந்தக் கார்டை நான்காக மடித்து, மடிப்பு கிழிந்த பிறகும் பத்திரத்தோடு வைத்திருந்து எடுத்துக் காட்டுவார்கள்.

போலிக் கடிதத்தில், கண்டெடுத்த பணத்தைவிட உழைத்துச் சம்பாதித்த ஒரு டாலர் உயர்ந்தது என்று வருகிறது. அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இதே பொருளை லிங்கன் எப்படி எழுதினார் தெரியுமா? அவருடைய சிற்றன்னையின் மகன் ஜான் ஜான்ஸ்டன் எண்பது டாலர் கடன் கேட்டிருந்தார். இப்போதைக்கு அந்த எண்பதைக் கொடுப்பது சரியில்லை என்று லிங்கன் நேராகவே மறுக்கிறார். நீ சோம்பேறி அல்ல, ஆனாலும் வேலை செய்யாமல் பொழுதைப் போக்குகிறவன் என்று எழுதுகிறார். பிறகு ஒரு யோசனை சொல்கிறார். இன்றிலிருந்து மே மாதம் முதல் தேதி வரை நீ கூலிக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் நான் இன்னொரு டாலர் கூடப் போட்டுத் தருகிறேன், மாதம் பத்து டாலருக்குப் போனால் உன் கையில் இருபது நிற்கும் என்கிறார். உபதேசத்தோடு நிற்காமல் தம் சட்டைப் பையிலும் கையை விடுகிறார். குடும்பத்தில் கடன் கேட்ட தம்பிக்கு அண்ணன் எழுதிய இந்தக் கடிதத்தைச் சேலத்து வீடு எதில் படித்தாலும், அடுத்த அறையில் இருப்பவரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது.

நியூ சேலம் என்ற பெயரைப் பார்த்து நம் ஊர்க்காரர்கள் மகிழ்வதுண்டு. இரண்டு ஊர்களுக்கும் உறவு கிடையாது. ஆனால் அந்த ஊர் பற்றி அவர் எழுதிய ஒரு கடிதத்தை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஐஷம் ரீவிஸ் என்ற இளைஞர், தங்களிடம் இருந்து சட்டம் படிக்கலாமா என்று கேட்டு எழுதினார். 1855 நவம்பர் 5ஆம் தேதியிட்ட பதிலில் லிங்கன், நான் வீட்டில் தங்குவதே குறைவு, என்னிடம் படிப்பதால் பயன் இராது என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, பின்வருமாறு தொடர்கிறார்: "வக்கீலாகியே தீர வேண்டும் என்று நீங்கள் உறுதியாக முடிவு செய்திருந்தால், காரியத்தில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. யாரிடமாவது இருந்து படிக்கிறீர்களா இல்லையா என்பது சிறிய விஷயம். நான் யாரிடமும் படிக்கவில்லை. புத்தகங்களை வாங்கி, அவற்றின் முக்கியமான கூறுகள் புரியும் வரை படியுங்கள். பெரிய ஊரில் இருந்துதான் படிக்க வேண்டும் என்பதில்லை. நான் நியூ சேலத்தில் படித்தேன். அங்கே முந்நூறு பேர் ஒருநாளும் குடியிருந்ததில்லை. புத்தகங்களும், அவற்றைப் புரிந்துகொள்ளும் உங்கள் திறனும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்." தம்மைவிடச் சட்ட அறிவு மிகுந்தவர் என்று இன்னொரு வக்கீலின் பெயரைச் சொல்லி, அவர் புத்தகம் இரவல் தருவார் என்றும் எழுதியிருக்கிறார். பள்ளியில் உட்கார்ந்து படித்த நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது என்று தம்மைப் பற்றிச் சொன்னவர் எழுதிய வரிகள் இவை.

சேர்வராயன் மலையில் கடைசி பஸ்ஸை விட்டால் வீடு சேர முடியாத கிராமங்களிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். கோச்சிங் சென்டர் சென்னையில் இருக்கிறது, கோவையில் இருக்கிறது, நம்மால் முடியாது என்று பத்தாம் வகுப்பிலேயே அவர்கள் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். முந்நூறு பேர்கூட இல்லாத ஊர் என்ற அந்த ஒரு வரி, ஆசிரியர் தினத்தில் அச்சாக வேண்டிய வரியல்லவா? நம் ஊரிலும் அதற்குச் சாட்சி உண்டு. சேலத்தில் வக்கீலாக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் மாகாணச் சட்டசபைக்குப் போய், 1920இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1900இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய ராஜாஜி, 1917இல் நகராட்சித் தலைவராகி, 1937இல் மாகாணத்தின் பிரதமரானார். அவர்கள் பெயரிலும் எழுதாத கடிதங்களை நாளை யாரேனும் சுற்றுக்கு விட்டால், மறுப்பதற்கு நம்மிடம் என்ன பழக்கம் இருக்கிறது என்பதை எண்ணினால் கவலையாக இருக்கிறது.

லிங்கன் தம் மகனின் படிப்பு பற்றி ஒன்றுமே எழுதவில்லையா என்று என் பேத்தி மறுபடியும் கேட்டாள். மகனின் நண்பனுக்கு எழுதியிருக்கிறார். மூத்த மகன் ராபர்ட் 1859இல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தோற்று, எக்ஸிடர் என்ற ஊரில் ஓராண்டு படித்து, அடுத்த ஆண்டு தேறினார். அவரோடு படித்த ஸ்பிரிங்ஃபீல்டு நண்பன் ஜார்ஜ் லேதம் 1860இல் தோற்றுப்போனான். இந்தச் செய்தியை ராபர்ட் அப்பாவுக்கு எழுதுகிறார். அப்பா அப்போது குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். அந்த மே மாதம்தான் சிகாகோவில் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வீட்டு வாசலில் எந்நேரமும் ஆட்கள் நின்ற நாள்கள் அவை. கடிதம் கிடைத்த மறுநாளே, 1860 ஜூலை 22ஆம் தேதி, தேர்வில் தோற்ற அந்தப் பையனுக்கு லிங்கன் உட்கார்ந்து எழுதினார் (பாப் என்பது ராபர்ட்டின் செல்லப் பெயர்):

"நீ ஹார்வர்டில் சேர முடியாமல் போனதை நேற்று பாப் எழுதிய கடிதத்தில் அறிந்தபோது அடைந்த வேதனையைவிடப் பெரிய வேதனையை என் வாழ்வில் அரிதாகவே அடைந்திருக்கிறேன். ஆயினும் மனச்சோர்வு உன்னைப் பற்றிக்கொண்டு அரித்துத் தின்ன நீ விடாமல் இருந்தால், இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஹார்வர்டில் உன்னால் சேர முடியும், பட்டமும் பெற முடியும் என்பது உறுதியான உண்மை. முயற்சியைத் தொடங்கிவிட்டாய், இனி வென்றே தீர வேண்டும். 'தீர வேண்டும்' என்பதுதான் சொல்."

அடுத்து அவர் எழுதியதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அந்தக் கல்லூரியின் தலைவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார், அவரைப் போய்ப் பார், தடைகளைத் தாண்டும் வழியை அவர் காட்டுவார் என்று காரியம் சொல்லித் தருகிறார். சுலபமாகச் சேர்ந்துவிட்ட பலரைவிட நீ சிறந்த மாணவனாகவும் வாழ்க்கையில் மேலான வெற்றி பெற்றவனாகவும் வர மாட்டாய் என்பதற்கு, இந்தத் தற்காலிகத் தோல்வியில் எந்தச் சாட்சியமும் இல்லை என்கிறார். 'சாட்சியமும் இல்லை' என்ற சொல்லைப் பாருங்கள். அது வக்கீலின் சொல். ஒரு பையனின் தோல்வியை எடுத்து விசாரித்து, அதிலிருந்து அவனுக்கு எதிராக எதையும் நிரூபிக்க முடியாது என்று தீர்ப்பு எழுதித் தருகிறார். கையொப்பம் 'ஏ. லிங்கன்'.

பிளஸ் டூ முடிவும் நீட் முடிவும் வரும் வாரங்களில் தங்கள் நாளிதழிலேயே நாம் என்னென்ன செய்திகளைப் படிக்கிறோம் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அந்த வாரத்தில் ஒரு பெற்றோர் கையில் இந்தக் கடிதம் இருப்பதற்கும், தோல்வியை ஏற்கக் கற்றுக்கொடுங்கள் என்ற பொதுவான ஒரு வரி இருப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு!

கருத்து நல்லதாக இருக்கும்போது யார் எழுதினால் என்ன என்று தங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவர் கேட்கக்கூடும். என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள், அவர்களில் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. அந்தக் கருத்துகளை எவருடைய பெயரும் இல்லாமல் அச்சிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏமாற்றக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் வரிகளைப் பொய்யான கையொப்பத்தோடு ஒரு குழந்தையின் வாயில் வைப்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மேலும், போலி இருக்கும் இடத்தில் அசல் வந்து உட்கார முடிவதில்லை. நான் அறிந்த வரையில் நம் பக்கத்துப் பள்ளிகளில் ஜார்ஜ் லேதமின் பெயரைக் கேட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை.

சரிபார்ப்பது கடினம் என்றும் சொல்வதற்கில்லை. பாஸ்லர் தொகுப்பு முழுவதையும் மிச்சிகன் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. லிங்கன் நடத்திய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளின் தாள்களை, இல்லினாய்ஸ் மாநிலத்துக் கோர்ட்டுகளின் பதிவறைகளில் ஆண்டுக்கணக்கில் தேடித் திரட்டி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவருடைய கையெழுத்துக்காகத் திருடப்பட்ட தாள்களும் உண்டு என்பதால் அந்தத் தேடல் எளிதாக இருக்கவில்லை. அத்தனை பேர் பட்ட பாட்டின் பலன் ஒரு கைபேசிக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் அச்சேறுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆசிரியர் தின இணைப்பில் வந்த கடிதம் லிங்கன் எழுதியதல்ல என்ற திருத்தத்தை, அது வெளியான அதே அளவு எழுத்தில் இல்லாவிட்டாலும், கண்ணில் படும் இடத்தில் வெளியிடுங்கள். ரீவிஸுக்கும் லேதமுக்கும் எழுதிய இரண்டு கடிதங்களின் முழுத் தமிழாக்கத்தையும் தேதி, ஊர், பெறுநர் பெயருடன் இத்துடன் இணைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பில் குறை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் அவற்றை வெளியிட்டால் நன்றியுடையவனாவேன். கையெழுத்துப்படி என் பேத்தியுடையது. எனக்கு இப்போது கை நடுங்குவதால் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். போட்டிக்கும் அவள் லேதம் கடிதத்தையே எடுத்துக்கொண்டு போனாள். பரிசு கிடைக்கவில்லை. நடுவராக இருந்த ஆசிரியை ஒருவர் மேடையை விட்டு இறங்கி வந்து, அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியெடுத்துக்கொண்டாராம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.